குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒரு வளைவு

கண்ணு,

"வளைவு கிளைவுன்னு எதையாச்சும் கட்டி வெச்சீங்கன்னா, வந்த பஸ்லயே திரும்பிப் போயிடுவேன்ப்பா" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கலெக்டரம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். சாப்பிட்டாளாம் என்று சொல்லிச் சமாளித்தேன். போனில் உன்னிடம் பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. நான் ஒரு பேச்சைத் தொடங்குவதற்குள் நீ மூன்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கோயில் மலரில் போட்டுக்கொள்ளலாமா என்று ஃபாதர் கேட்டார், சரி என்றுவிட்டேன். நாலு பேர் பார்க்கக் கேட்டால் நீ மறுக்கமாட்டாய் என்ற நப்பாசையும் எனக்கு உண்டு. முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

விஷயம் உனக்கே தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குரூப் ஒன் எழுதித் தேறி, பயிற்சி முடித்து, வேறு மாவட்டத்தில் துணை ஆட்சியராக வேலையில் சேர்ந்த பிறகு நீ முதல் தடவையாக ஊருக்கு வருகிறாய். வருகிற நாள் குருத்தோலை ஞாயிறு. நம் கோயில் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குடும்பங்களிலிருந்து ஒரு பிள்ளை இந்த உயரத்துக்குப் போனது இதுதான் முதல். கோயில் பையன்கள் ஒரு வாரமாக என் கடையே கதியென்று கிடக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நீ இறங்கியதும் டிரம் செட், சரவெடி, கடைத்தெரு முனையில் உன் படம் போட்ட வளைவு, திறந்த ஜீப்பில் கோயில் வரைக்கும் ஊர்வலம் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பாலக்கோட்டில் ஜீப்புக்கும் சொல்லியாகிவிட்டது. வளைவு மட்டும் என் பொறுப்பு. இந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது.

நான் பந்தல்காரன். நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விட்டாலும் என் பேர் பரவியது வளைவில்தான். மாரண்டஹள்ளியைச் சுற்றி யாரை வரவேற்பதென்றாலும் என்னைத் தேடி வருவார்கள். மந்திரி வந்தாலும் நான்தான், மாப்பிள்ளை வந்தாலும் நான்தான், கபடியில் கோப்பை வாங்கி வந்த பையன்களுக்கும் நான்தான், தேர்த் திருவிழாவுக்கும் நான்தான். வருகிறவர்களில் எத்தனை ரகம் உண்டு என்பது எனக்கு அத்துப்படி. காரை விட்டு இறங்குவதற்கு முன்பே அண்ணாந்து தன் படத்தைத் தேடுகிறவர் உண்டு. தன் படத்தைவிடப் பக்கத்துப் படம் பெரிதாக இருந்தால் முகம் சுண்டிப்போகிறவர் உண்டு. மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கி, வாங்கின வேகத்தில் பின்னால் தள்ளிவிடுகிறவரும் உண்டு. இத்தனை பேருக்கும் கட்டினேன். அவர்கள் உள்ளே நடந்து வரும்போது நான் சவுக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். கயிறு தளர்ந்தால் "டேய் பந்தலு" என்று என்னைத்தான் கத்துவார்கள். இப்போது நான் பெற்ற பிள்ளை வருகிறாள். எனக்கு ஆசை கண்ணு. கொள்ளை ஆசை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. "அன்னிக்கு யாரோட நாளுப்பா அது? என் படத்த மாட்டுற நாளா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க, நீ காலேஜில் முதல் வருஷம் படித்தபோது வந்த குருத்தோலை ஞாயிறு ஞாபகத்துக்கு வந்தது. அது உனக்கு உன் பக்கத்திலிருந்துதான் தெரியும். வளைவுக்கு அடியில் நின்றவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை.

ஆண்டவர் கழுதைமேல் நகரத்துக்குள் வந்தபோது ஜனங்கள் குருத்தோலை பிடித்து வரவேற்ற நாள் அது. மற்ற ஊர்களில் அன்றைக்கு ஒரு பையனுக்கு ஒட்டுத்தாடி வைத்து, வெள்ளை அங்கி மாட்டி, இயேசுவாகக் கழுதைமேல் உட்கார வைப்பார்கள். நம் கோயிலிலும் முன்பு அப்படித்தான் நடந்தது. என் பையன் ஏறட்டும், உன் பையன்தான் போன தடவையே ஏறினானே என்று வருஷா வருஷம் சண்டை. ஒரு வருஷம் கழுதைக்கு முன்னாலேயே இரண்டு தகப்பன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதிருந்த வயதான ஃபாதர் இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, "இனிமே யாரும் ஏற வேணாம். நாம எல்லாரும் நடப்போம். ஏற வேண்டியவரு ஏறிக்குவாரு" என்று முடித்துவிட்டார். அதிலிருந்து நம் ஊரில் ஆள் ஏறாத கழுதைதான் முதுகில் வெள்ளை வேட்டியோடு பவனிக்கு முன்னால் போகிறது. கழுதை முனியப்பனுடையது. ஏரிக்கரையில் துணி வெளுக்கிறவர், நம் கோயில்காரர் இல்லை, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற மனுஷர். ஆனாலும் முந்தின நாளே கழுதையைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்துத் தயாராக இருப்பார். கோயில் வாசலில் வெளுத்த வேட்டி ஒன்றைத் தரையில் விரித்தும் வைப்பார். கல்யாண மாப்பிள்ளையும் அம்மனும் நடந்து வர, துணி வெளுக்கிறவர்கள் விரிக்கிற நடைமாத்து அது. விரிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ராசா வர்றாருன்னு சொல்றீங்க, வெறுந்தரைல எப்படிங்க எறங்கச் சொல்றது?" என்பார்.

நீ காலேஜில் சேர்ந்த அந்த வருஷம் அதே ஞாயிறு காலையில் ஒரு பெரிய தலைவர் ஓசூர் போகிற வழியில் நம் ஊரில் இறங்கிப் பேசுவதாக ஏற்பாடு. வளைவு என் வேலை. அதனால் நான் பவனிக்கு வரவில்லை, உன் அம்மா அதற்காக மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கடைத்தெரு முனையில் வளைவு, நடுவில் தலைவர் படம். பக்கத்துக் கடை மாடியில் கூடை கூடையாகச் சாமந்தி உதிரியோடு பையன்கள். கீழே டிரம் செட். வேனில் கொண்டுவந்து இறக்கின பெண்கள் பெட்ரோல் பங்க் நிழலில் கொடியைப் பிடித்தபடி வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார்கள். வெடிக்குச் சின்னச்சாமி. எல்லா வரவேற்புக்கும் சொல்வதைத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்: "திருப்பத்துல கும்பல் தெரிஞ்சதும் பத்த வெச்சுடுங்க." கார் தெரியட்டும் என்று காத்திருந்தால் வெடி பிந்திவிடும். கும்பலைப் பார்த்துக் கொளுத்தினால்தான் கார் வளைவுக்கு வரும்போது வெடி முடிந்து, மேளம் எழும்பி, பூ விழும். எங்கள் தொழிலில் அதுதான் கணக்கு.

நம் பவனி கடைத்தெருப் பக்கம் வராது, பின்தெரு வழியாகப் போய்விடும் என்று ஃபாதர் போலீசிடம் ஒத்துக்கொண்டிருந்தார். பின்தெருவில் குழாய் போடத் தோண்டியிருந்த பள்ளத்தை யாரும் நினைக்கவில்லை. பலகை போட்டிருந்தது, மனுஷர்கள் தாண்டிவிட்டார்கள், கழுதை தாண்டமாட்டேன் என்று நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தீர்கள், தள்ளிப் பார்த்தீர்கள், முனியப்பன் அதன் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாராம். அது சாவகாசமாகக் கடைத்தெருப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தது. "சரி, ராசாவே அந்தப் பக்கம் போறாரு, நாம மட்டும் இங்க நின்னு என்ன பண்றது?" என்று ஃபாதர் சிரித்தபடி திரும்ப, எல்லாரும் அவர் பின்னாலேயே வந்துவிட்டீர்கள். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்த கதை. நான் பார்த்ததெல்லாம் சின்னச்சாமி குனிந்ததுதான். திருப்பத்தில் ஒரு கும்பல், கையில் பச்சை பச்சையாக ஏதோ ஆட்டிக்கொண்டு வருகிறது. அவர் கொளுத்திவிட்டார்.

சரவெடி வெடித்தது. வெடி கேட்டதும் டிரம் செட் எழும்பியது. மேளம் கேட்டதும் நிழலில் இருந்த பெண்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து "வாழ்க, வாழ்க" என்றார்கள். மாடியிலிருந்து பூக்கூடைகள் கவிழ்ந்தன. புகை விலகியது. புகைக்குள்ளிருந்து, குங்குமப் பொட்டோடு, உடம்பெல்லாம் சாமந்தியாக, முனியப்பன் கழுதை வந்து நின்றது. மேளம் பொசுக்கென்று நின்றுபோனது. செத்தோம் என்றுதான் நினைத்தேன் கண்ணு. ஒரு தலைவருக்கு வைத்த வெடி, பூ, மேளம் மொத்தமும் ஒரு கழுதைக்குப் போய்விட்டதென்றால், இந்த ஊரில் அப்புறம் எவன் என்னை நம்பி வேலை கொடுப்பான்.

கழுதையோ வெடிச் சத்தத்தில் வெலவெலத்து, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நடுங்கிற்று. முனியப்பன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டால் அது கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும். எல்லாரும் பின்வாங்கினார்கள். நீ மட்டும் முன்னால் வந்தாய். தோளில் இருந்த துப்பட்டாவை எடுத்து அதன் கண்ணையும் காதையும் மூடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதோரம் மெதுவாக "ஓசன்னா, ஓசன்னா" என்று பவனிப் பாட்டைப் பாட ஆரம்பித்தாய். பயந்த குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. நம் ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நடுக்கம் நின்றது. டிரம் அடிக்கிற பையன் என்னைப் பார்த்து, "அடிக்கலாமாண்ணா?" என்றான். நான் யோசித்துப் பதில் சொல்லவில்லை. என் வாயிலிருந்து தானாகவே "அடிடா" என்று வந்துவிட்டது. பாட்டின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அவன் அடித்தான் பார், அந்த மேளத்தை நான் வேறு எந்த வரவேற்பிலும் கேட்டதில்லை. வேனில் வந்த பெண்கள் கொடியைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினார்கள். நம் ஆட்கள் தங்கள் கையிலிருந்த குருத்தோலையைக் கொடுத்தார்கள். தலைவர் படத்துக்கு அடியில், நான் கட்டிய வளைவுக்குள், ஆளில்லாத அந்தக் கழுதையோடு ஊரே நடந்து போனது.

டீக்கடையிலிருந்து கட்சிச் செயலாளர் ஓடி வந்தார். அவருடைய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. "என்னய்யா பண்ணி வெச்சிருக்க? தலைவருக்கு வெச்ச வெடி எங்கய்யா?"

"வெடிச்சிடுச்சிங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

"யாருக்கு?"

நீதான் கழுதையின் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் திரும்பி, "வந்தவருக்குத்தாங்க" என்றாய். "அதும் மேல யாருமே இல்லையேம்மா" என்றார் அவர். "உங்க தலைவரும்தான் இன்னும் வரலீங்க. வந்தவர மொதல்ல வாங்கன்னு கூப்புடலாமுங்க, அவரு வந்தா அவரயும் கூப்புடலாம்" என்று நீ சொன்னபோது கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. வாயாடி என்று உன்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு இந்த வாய் யாருக்கு வரும் என்று நெஞ்சு விம்ம நின்றேன்.

உச்சி வெயிலில்தான் தலைவர் வந்தார். நேரமாகிவிட்டதென்று கார்க் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. கையை ஆட்டினார் என்று சிலர் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. கார்கள் வரிசையாக ராயக்கோட்டைப் பக்கம் போய்விட்டன. விடியற்காலையில் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து அதற்காகவே காத்திருந்த ஓர் அம்மா, நம் குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கார்ல போனவரு மொகமும் தெரியல, கழுதைல வந்தவரு மொகமும் தெரியல. ஆனா இவரு நம்மகிட்ட நின்னுட்டுப் போனாரு." எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன் கண்ணு. நம் ஆண்டவரைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கட்சி வேலை அதற்கப்புறம் எனக்கு வரவே இல்லை. உன்னால்தான் என்று நீ இன்றைக்கும் வருத்தப்படுகிறாய், அம்மா சொன்னாள். நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. வரவேற்பு கட்டுவதே தொழிலாக இருந்தவனுக்கு, சந்தோஷமாக வரவேற்பதென்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. பூட்டின காருக்குள் வருகிறவரிடம் நமக்குப் பயம் இருக்கலாம், காரியம் இருக்கலாம், சந்தோஷம் எங்கிருந்து வரும்? இவர் நம் தோள் உயரத்தில், தொட்டுவிடுகிற தூரத்தில், முனியப்பன் கழுதைமேல் வந்தார். அதனால்தான் அவர் யாரென்றே தெரியாத பெண்களும் ஓலை கேட்டுக் கை நீட்டினார்கள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ சொன்னது சரி. அது உன் படத்தை மாட்டுகிற நாள் இல்லை. ஃபிளெக்ஸ் அடிக்கிறவனிடம் நேற்றே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பச்சைப் புடவையில் நீ சிரிக்கிற படத்தை அவன் ஆளுயரத்துக்குத் தயார் பண்ணி வைத்திருந்தான், ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஜீப்பும் வேண்டாம் என்றாகிவிட்டது. கோயில் பையன்களுக்கு என்மேல் மூக்குக்கு மேல் கோபம். "உங்க பொண்ணுக்கு நீங்களே வேணாங்கறீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு ஒருவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவரைக்கும் நீ ஜெயித்தாய்.

ஆனால் இன்னொன்றை நீ யோசிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது, படித்தவள் நீ, தப்பென்றால் சொல். அவர் தாழ்மையாக வந்தார், சரி. எனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று அவர் சொன்னாரா? மேல்துணியைக் கழற்றி வழியில் விரித்தார்கள், அதன்மேல் வந்தார். மரக்கிளையை ஒடித்துக் கொண்டுவந்தார்கள், வாங்கிக்கொண்டார். இவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லும் என்று பெரிய மனுஷர்கள் முறைத்தபோதும், இவர்கள் அடங்கினால் கல்லெல்லாம் கத்தும் என்றுதானே சொன்னார். இல்லாதப்பட்டவர்கள் சந்தோஷப்படும்போது அதைத் தட்டிவிடாமல் நிற்பதும் தாழ்மையில்தான் சேரும் என்று நினைக்கிறேன். "திரும்பிப் போயிடுவேன்" என்று நீ சொன்னபோது உன் குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, நான் உன் அப்பன், எனக்குக் கேட்கும். நாளைக்கு உன் ஆபீஸ் வாசலிலும் மனுவோடு ஆட்கள் காத்திருப்பார்கள். ஒருத்தி தோட்டத்து முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நீட்டுவாள். சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய், ஆனால் அவள் முகம் வாடும்படி ஒரு வார்த்தை சொல்லாதே. வேலை நெருக்கினாலும் அவர்களிடம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போ.

முனியப்பன் நேற்றுக் கடைக்கு வந்தார். முன்பிருந்த கழுதை இப்போது இல்லை, அதன் குட்டிதான் வரப்போகிறது. வந்தவர் நாற்காலியில் உட்காராமல் தயங்கித் தயங்கி நின்றார். என்ன சேதி என்றேன். "ஒண்ணுமில்லீங்க. அன்னிலருந்து வருசா வருசம் பாப்பாதான் கயித்தப் புடிக்கும். இப்ப கலெக்டராயிடுச்சே. இனிமே புடிக்குமாங்க? இல்லன்னா வேற ஆளப் பாக்கணும், இது கொஞ்சம் முரடு" என்றார். புடிப்பா என்று பட்டென்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றில் என்னைக் காப்பாற்று.

கடைத்தெரு முனையில் வளைவு கட்டியாகிவிட்டது. இதுவரை கட்டினதிலேயே பெரியது. நடுவில் படமும் இல்லை, பேரும் இல்லை, சாமந்தியும் மாவிலையும் குருத்தோலையும் மட்டும்தான். அது அவருக்கு. வெடி கிடையாது, புதுக் கழுதை பயப்படும். டிரம் செட் உண்டு. நீ பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக ஏரிக்கரைக்குப் போய், முனியப்பனிடம் கயிற்றை வாங்கிக்கொண்டு எல்லாரோடும் நடந்து வா. வளைவுக்கு வரும்போது பூ விழும். கழுதைமேல் விழுகிற பூ உன் தலையிலும் கொஞ்சம் விழத்தான் செய்யும். அதைத் தட்டிவிடாதே. கோயில் பையன்கள் கத்துவார்கள், அம்மா அழுவாள், நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கண்ணை அவர் பக்கம் வைத்திருக்கத்தான் பார்ப்பேன், அது உன் பக்கம் ஓடினால் ஆண்டவர் ஒன்றும் சொல்லமாட்டார். இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுச் சந்தோஷத்துக்குக் கம்பம் நட்டவன் நான். ஒரு நாள் என் வீட்டுச் சந்தோஷத்துக்கும் நின்று கை தட்டிக்கொள்கிறேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே கண்ணு.

உன் அப்பா